இணைய விற்பனையில் விலைப்பிழை

இணைய விற்பனையில் விலைப்பிழை என்பது, மின்வணிக வலைத்தளம் ஒன்றில் ஒரு பொருளின் விலை, விற்பவரின் எண்ணத்துக்கு மாறாக மிகக் குறைவாகக் குறிக்கப்பட்டுவிடுவதாகும். அவ்விலையைக் கண்டு ஒருவர் பொருளுக்கு ஆணை கொடுத்து, வலைத்தளமும் அதனை உறுதிசெய்து மின்னஞ்சல் அனுப்பிவிட்டால், விற்பவர் அதே விலைக்குப் பொருளைக் கொடுத்தே ஆகவேண்டுமா என்பது ஒப்பந்தச் சட்டத்தில் பலமுறை எழுந்த வினா. இவ்வினாவுக்கு விரிவாக விடை கூறிய தொடக்ககாலத் தீர்ப்புகளுள் முதன்மையானது சிங்கப்பூரின் டிஜிலேண்ட்மால் வழக்குத் தீர்ப்பு (2004, மேல்முறையீடு 2005) ஆகும். பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளின் சட்ட மாணவர்கள் இன்றும் இதனைப் பயில்கின்றனர்.

பிழை நேரும் விதம்

கடையில் விலைச்சீட்டைத் தவறாக ஒட்டினால், கல்லாவில் இருப்பவர் பெரும்பாலும் அதனைக் கண்டுபிடித்துவிடுவார். வாங்க வந்தவரிடம் மன்னிப்புக் கேட்பதோடு செய்தி முடிந்துவிடும். வலைத்தளத்திலோ விலையைப் பார்ப்பதும், ஆணையை ஏற்பதும், பணத்தைப் பெறுவதும், உறுதிமொழி அனுப்புவதும் நிரலே. இடையில் மனிதக் கண் படுவதில்லை. பிழையைக் கண்ட ஒருவர் அதனை நண்பர்களுக்குத் தெரிவிக்கச் சில நொடிகளே போதும். எனவே ஒரு பொருளில் நேர்ந்த பிழை ஓர் இரவுக்குள் ஆயிரக்கணக்கான பொருள்களுக்குரிய கடனாக வளர்ந்துவிடக் கூடும்.

தசமப் புள்ளி இடம் மாறுதல், ஒரு சுழியம் விடுபடுதல், நாணயம் மாறுதல், சோதனைக்காக இட்ட எண்கள் உண்மைத் தளத்துக்குள் சென்றுவிடுதல், பல விலைக் கழிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கணக்கிடப்படுதல் ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள்.

பணம் பற்றிய ஆவணங்களில் இத்தகைய பிழைக்குப் பழைய வணிகர்கள் எளிய காப்பு ஒன்றை வைத்திருந்தனர். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவதே அது. இந்தியாவின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881, இவ்விரண்டும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்று 18ஆம் பிரிவில் கூறுகின்றது. செட்டிநாட்டு நகரத்தார் பர்மா, மலாயா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில் உண்டியலும் கடன்சீட்டுமே வணிகத்தின் உயிராக இருந்தன. அத்தொழிலில் ஒரு சுழியத்தின் விலை என்ன என்பதை எவருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது. வலைத்தளத்தில் விலை எண்ணால் மட்டுமே தரப்படுகின்றது. அதனைச் சரிபார்க்கும் இரண்டாவது வடிவம் இல்லை.

சட்ட அடிப்படை

ஒப்பந்தம் தோன்ற ஒருவரது முன்மொழிவும் மற்றவரது ஏற்பும் வேண்டும். கடையின் கண்ணாடிப் பேழையிலோ அடுக்கிலோ பொருளை விலையுடன் வைப்பது முன்மொழிவு ஆகாது, பேரத்துக்கு அழைப்பதே ஆகும் என்பது ஆங்கிலேயச் சட்டத்தின் நிலைப்பாடு. பூட்ஸ் மருந்துக்கடை வழக்கில் (1953) இது உறுதியாயிற்று. வாங்குபவர் பொருளை எடுத்துக் கல்லாவுக்குக் கொண்டுவருவதே முன்மொழிவு. கடைக்காரர் அதை ஏற்கலாம், மறுக்கலாம். இந்நெறி வலைத்தளத்துக்கும் பொருந்துமாயின், பக்கத்தில் காணப்படும் விலை விற்பவரைக் கட்டுப்படுத்தாது. ஆணையை விற்பவர் எப்போது ஏற்றார் என்பதே பின்னர் எஞ்சும் கேள்வி. தானியங்கி மின்னஞ்சல் ஏற்பு ஆகுமா, அல்லது ஆணை வந்து சேர்ந்ததற்கான அறிவிப்பு மட்டுமா என்பது அம்மின்னஞ்சலின் சொற்களையும் தளத்தின் விதிமுறைகளையும் பொறுத்தது. இதனால்தான் இன்று பெரும்பாலான விற்பனைத் தளங்கள், பொருள் அனுப்பப்படும்போதே ஒப்பந்தம் தோன்றும் என்று தம் விதிமுறைகளில் எழுதிக்கொள்கின்றன. அவ்விதிமுறைகளைப் படித்துவிட்டு வாங்குவோர் மிகச் சிலரே.

ஒப்பந்தம் தோன்றிவிட்டது என்றே கொண்டாலும், பிழை என்னும் இரண்டாவது வாயில் உண்டு. ஒருவர் மட்டும் தவறியது ஒருதலைப் பிழை எனப்படும். தன் கவனக்குறைவால் விலையைத் தவறாகச் சொன்னவர் பொதுவாக அதன் விளைவைத் தாமே ஏற்க வேண்டும். ஆனால் அது பிழை என்பதை மற்றவர் அறிந்திருந்தும் அதனைப் பற்றிக்கொண்டால் நிலைமை மாறும்.

இதற்கு இணையத்துக்கு மிக முந்திய எடுத்துக்காட்டுகள் உண்டு. 1861ஆம் ஆண்டின் வெப்ஸ்டர் எதிர் செசில் வழக்கில், 2,000 பவுண்டுக்குத் தம் நிலத்தைத் தர மறுத்தவர், பின்னர் 2,250 என்று எழுத வேண்டிய இடத்தில் 1,250 என்று எழுதிவிட்டார். வாங்குபவர் உடனே ஏற்றார். நீதிமன்றம் விற்பனையை நிறைவேற்றுமாறு ஆணையிட மறுத்தது. 1939ஆம் ஆண்டின் ஹார்ட்டாக் வழக்கில், அர்ஜென்டீனா முயல்தோல்கள் ஒன்றுக்கு இவ்வளவு என்ற வகையில் பேசப்பட்டுவந்த விலை, இறுதிக் கடிதத்தில் ஒரு பவுண்டு எடைக்கு இவ்வளவு என்று மாறிவிட்டது. ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ மூன்று தோல்கள் நிற்கும் என்பதால் விலை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. தோல் வணிகத்தில் உள்ள எவரும் இதனைப் பிழை என்று உணர்ந்திருப்பர் எனக் கூறி நீதிமன்றம் வாங்குபவரின் கோரிக்கையைத் தள்ளியது.

டிஜிலேண்ட்மால் வழக்கு

டிஜிலேண்ட்மால் என்பது கணினிப் பொருள்களை இணையத்தில் விற்ற சிங்கப்பூர் நிறுவனம். அது விற்ற பொருள்களுள் எச்பி நிறுவனத்தின் வண்ண லேசர் அச்சுப்பொறி ஒன்றும் இருந்தது. அலுவலகங்களுக்கான இதன் விலை 3,854 சிங்கப்பூர் வெள்ளி. 2003ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள், பல பொருள்களின் விலைகளை ஒரே நேரத்தில் தளத்தில் ஏற்றும் வசதியைக் கற்பிக்கும் பயிற்சியின்போது, சோதனைக்காக இடப்பட்ட 66 என்ற எண் உண்மையான விற்பனைத் தளத்துக்குள் சென்றுவிட்டது. அச்சுப்பொறியின் விலை 66 வெள்ளி ஆயிற்று.

ஜனவரி 13ஆம் நாள் பின்னிரவில் இச்செய்தி நண்பர்கள் வட்டங்களில் பரவியது. காலையில் நிறுவனம் விழித்துக்கொண்டு விளம்பரத்தை நீக்கியபோது, 784 பேர் 1,008 ஆணைகளின் வழியாக 4,086 அச்சுப்பொறிகளைக் கேட்டிருந்தனர். எல்லாவற்றையும் கொடுத்திருந்தால் நிறுவனத்துக்குக் கிடைத்திருக்கும் தொகை 2,69,676 வெள்ளி. அவற்றின் உண்மை விலையோ ஒன்றரைக் கோடி வெள்ளிக்கும் மேல். ஒவ்வோர் ஆணைக்கும் தளம் உறுதிமொழி மின்னஞ்சலைத் தானாகவே அனுப்பியிருந்தது. விலை பிழையானது, ஆணைகளை நிறைவேற்ற இயலாது என்று நிறுவனம் அறிவித்தது.

ஆணை கொடுத்தோருள் ஆறு பேர் வழக்குத் தொடுத்தனர். நண்பர்களான இவர்கள் அறுவரும் சேர்ந்து கேட்டவை 1,606 அச்சுப்பொறிகள். இதற்கு அவர்கள் கொடுக்க வேண்டியிருந்தது 1,05,996 வெள்ளி. பெறவிருந்ததோ 61,89,524 வெள்ளி மதிப்புள்ள பொருள்கள். வீட்டில் ஓர் அச்சுப்பொறி போதும் என்பதால் இவ்வெண்ணிக்கையே அவர்களுக்கு எதிரான முதல் சான்றாக அமைந்தது என்று கூறலாம்.

சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்தவர் வி. கே. ராஜா. அவர் பின்னாளில் மேல்முறையீட்டு நீதிபதியாகவும், 2014 முதல் 2017 வரை சிங்கப்பூரின் தலைமைச் சட்ட அதிகாரியாகவும் பணியாற்றினார். 2004 ஏப்ரலில் அவர் வழங்கிய தீர்ப்பு இரண்டு படிகளைக் கொண்டது. முதற்படியில் நிறுவனம் தோற்றது. தளத்தின் தானியங்கி மின்னஞ்சல்கள் வெறும் அறிவிப்புகள் அல்ல, ஒப்பந்தத்துக்கு வேண்டிய ஏற்பு அவற்றில் உள்ளது என்று நீதிபதி கருதினார். நிரலை அமைத்து இயங்கவிட்டவர், பின்னர் அந்நிரல் பேசியது தன் பேச்சு அன்று என்று ஒதுங்க முடியாது. மின்னஞ்சல் வழி ஏற்பு எப்போது நிறைவுறுகின்றது என்பது பற்றியும், அஞ்சலுக்குரிய பழைய விதி மின்னஞ்சலுக்குப் பொருந்துமா என்பது பற்றியும் அவர் இத்தீர்ப்பில் ஆராய்ந்துள்ளார்.

இரண்டாம் படியில் வழக்குத் தொடுத்தோர் தோற்றனர். அவர்கள் இதை உண்மையான விலை என்றே நம்பியதாகக் கூறினர். விற்பனை ஊக்குவிப்புக்காகவோ பழைய சரக்கைக் கழிக்கவோ நிறுவனங்கள் மிகக் குறைந்த விலை வைப்பதுண்டு என்பது அவர்கள் வாதம். அவ்வாறு நடப்பதுண்டு என்பது உண்மையே. ஆனால் அவர்கள் அவ்விரவில் தமக்குள் அனுப்பிக்கொண்ட உடனடிச் செய்திகள் நீதிமன்றத்தின் முன் இருந்தன. அச்சுப்பொறியின் சந்தை விலை என்ன என்று இணையத்தில் தேடப்பட்டது, மறுவிற்பனையில் எவ்வளவு ஈட்டலாம் என்று பேசப்பட்டது ஆகியவை அவற்றால் வெளிப்பட்டன. படித்தவர்களும் வணிகம் அறிந்தவர்களுமான இவர்கள், நள்ளிரவு கடந்து அவசர அவசரமாக நூற்றுக்கணக்கில் ஆணை கொடுத்ததற்கு, நிறுவனம் விழித்துக்கொள்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை என்று நீதிபதி முடிவுசெய்தார். பிழையை அறிந்தே பறித்துக்கொண்ட விற்பனை என்பதால் ஒப்பந்தங்கள் செல்லா.

மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005 ஜனவரியில் இத்தீர்ப்பை உறுதிசெய்தது. அப்போது அது தெளிவாக்கிய வேறுபாடு இன்றும் மேற்கோளாக எடுத்தாளப்படுகின்றது. வாங்குபவர் பிழையை உண்மையில் அறிந்திருந்தால் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. உண்மை தெரிந்துவிடுமோ என்று வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்வதும் அறிந்ததாகவே கொள்ளப்படும். மாறாக, அவர் அறிந்திருக்கவில்லை, அறிந்திருக்க வேண்டும் என்ற அளவில் மட்டும் நின்றால் அது போதாது. அதனுடன் நேர்மையற்ற நடத்தையும் சேர்ந்திருந்தால், நேர்மை நெறியின்படி ஒப்பந்தத்தை நீதிமன்றம் விலக்கலாம்.

ஆகவே இத்தீர்ப்பு விற்பவர் எல்லோருக்கும் தரப்பட்ட விடுதலைச் சீட்டு அன்று. 3,854 வெள்ளிப் பொருள் 66 வெள்ளிக்கு வந்ததால் பிழை பளிச்சென்று தெரிந்தது. அதுவே 2,900 வெள்ளிக்கு வந்திருந்து, ஒருவர் ஒன்றே ஒன்றை வாங்கியிருந்தால், விற்பவர் அதனைக் கொடுத்திருக்க வேண்டியதுதான்.

இயந்திரங்கள் இரு பக்கமும் இருந்தால்

டிஜிலேண்ட்மால் வழக்கில் விற்ற பக்கம் நிரலும் வாங்கிய பக்கம் மனிதரும் இருந்தனர். இரு பக்கமும் நிரல்களே இருந்த வழக்கும் சிங்கப்பூருக்கே வந்தது. 2017 ஏப்ரலில் குவாயின் என்னும் எண்மச் செலாவணிச் சந்தைத் தளத்தில் நேர்ந்த கோளாறால், பி2சி2 நிறுவனத்தின் வணிக நிரல் சந்தை விலையைப்போல் ஏறத்தாழ 250 மடங்கு விலைக்கு ஈதரை விற்றுப் பிட்காயின் பெற்றது. தள நிறுவனம் மறுநாள் அவற்றை நீக்கியது. நிரலுக்கு அறிவு என்று ஒன்று இல்லை என்பதால், நிரலை எழுதியவரின் மனநிலையையே பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. அவர் பிழையைப் பயன்படுத்திக்கொள்ளும் நோக்கில் அதை எழுதியிருக்கவில்லை. எனவே 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு தள நிறுவனத்துக்கு எதிராக அமைந்தது. ஒரு நீதிபதி மாறுபட்டார்.

பிற நாடுகளில்

பிரித்தானியாவில் 1999இல் ஆர்கோஸ் நிறுவனம் 299 பவுண்டு தொலைக்காட்சியை 2.99 பவுண்டு என்று காட்டிவிட்டு, ஆணைகளை ஏற்க மறுத்தது. 2002 ஜனவரியில் கோடாக் நிறுவனம் 329 பவுண்டு எண்மப் படக்கருவியை 100 பவுண்டு என்று காட்டியது. முதலில் மறுத்தாலும், உறுதிமொழி மின்னஞ்சல்களைச் சுட்டி வாங்கியோர் வழக்குத் தொடரப் போவதாக எச்சரித்ததும், அதே விலைக்குக் கொடுத்தது. 100 பவுண்டு என்பது நம்பத்தக்க விலை, 2.99 என்பது அப்படியன்று என்பதை இவ்விரண்டையும் ஒப்பிடுவோர் கவனிக்க வேண்டும்.

செருமனியின் உரிமையியல் சட்டத் தொகுப்பு வேறு வழியில் செல்கின்றது. அங்கே தன் கூற்றில் தவறியவர், மற்றவர் அதை அறிந்திருந்தாரா என்பதைக் கருதாமலே, காலந்தாழ்த்தாது கூற்றைத் திரும்பப் பெறலாம். 2,650 யூரோ மடிக்கணினி, மென்பொருள் தரவைக் கடத்தியபோது நேர்ந்த பிழையால் 245 யூரோவாகிவிட்ட வழக்கில், 2005 ஜனவரியில் செருமனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் விற்பவருக்கு இவ்வுரிமை உண்டு என்றது. பொருள் வாங்கியவரின் கைக்குப் போய்ச் சேர்ந்த பின்னரும் இது செல்லுபடியாயிற்று.

இந்தியாவில்

இந்தியாவில் விலைப்பிழைக்கெனத் தனிச் சட்டம் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, இருதரப்பும் முதன்மையான பொருண்மை ஒன்றில் தவறினால் உடன்பாடு செல்லாது என்று 20ஆம் பிரிவில் கூறுகின்றது. ஒரு தரப்பு மட்டும் பொருண்மையில் தவறியது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் விலக்கத்தக்கது ஆகாது என்று 22ஆம் பிரிவு கூறுகின்றது. இதனை மட்டும் படித்தால் விற்பவருக்கு வழியே இல்லை என்று தோன்றும். ஆனால் இருவரும் ஒரே பொருளை ஒரே கருத்தில் ஒப்புக்கொள்வதே இசைவு என்று 13ஆம் பிரிவு வரையறுக்கின்றது. மற்றவரின் பிழையை அறிந்துகொண்டே ஏற்பவருக்கு அத்தகைய இசைவு இருந்ததா என்று வாதிட இடம் உண்டு. மின்னணு முறையில் செய்த ஒப்பந்தம் அம்முறையில் செய்யப்பட்டது என்பதால் மட்டும் செல்லாமற்போகாது என்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 10அ பிரிவு உறுதிசெய்கின்றது.

நடைமுறையில் இவ்வழக்குகள் உரிமையியல் நீதிமன்றங்களைவிட நுகர்வோர் ஆணையங்களுக்கே மிகுதியாகச் செல்கின்றன. அங்கே காற்று வாங்குபவர் பக்கம் வீசுகின்றது. ஒடிசாவைச் சேர்ந்த சட்ட மாணவர் ஒருவர் 2014 டிசம்பரில் அமேசான் தளத்தில் 23,499 ரூபாய் மடிக்கணினி கழிவு போக 190 ரூபாய் என்று கண்டு ஆணை கொடுத்தார். உறுதிமொழி வந்தது. சில மணி நேரத்தில் விலையில் சிக்கல் என்று கூறி ஆணை நீக்கப்பட்டது. படிப்புக்குக் கணினி தேவைப்பட்டதால் அவர் வேறொன்றை முழு விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. மாநில நுகர்வோர் ஆணையம் 2021இல், ஆணை உறுதியானதும் ஒப்பந்தம் நிறைவுற்றது என்று கொண்டு, மன உளைச்சலுக்கு 30,000 ரூபாயும், தண்டத் தொகையாக 10,000 ரூபாயும், வழக்குச் செலவுக்கு 5,000 ரூபாயும் வழங்க உத்தரவிட்டது. பிழையை வாங்குபவர் அறிந்திருந்தாரா என்ற, சிங்கப்பூரில் எல்லாவற்றையும் தீர்மானித்த கேள்வி, இங்கே முடிவைத் தீர்மானிக்கவில்லை. ஒன்றை மட்டும் தன் தேவைக்காகக் கேட்ட மாணவரும், 1,606 அச்சுப்பொறிகளைக் கேட்ட அறுவரும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவர் அல்லர் என்பதையும் மறந்துவிடலாகாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, நடைமுறைக்கு வந்தபின் வெளியான மின்வணிக விதிகள் (2020), விலையைக் கூறுகளோடு சேர்த்து ஒரே மொத்தத் தொகையாகக் காட்ட வேண்டும் என்கின்றன. வாங்குபவர் ஆணையை நீக்கினால் கட்டணம் பெறும் நிறுவனம், தான் ஒருதலையாக நீக்கும்போதும் அதுபோன்ற கட்டணத்தை ஏற்க வேண்டும். பொருளை அவ்விலைக்கு விற்கும் எண்ணமோ போதிய சரக்கோ இன்றி ஆள் சேர்ப்பதற்காகக் காட்டும் தூண்டில் விளம்பரங்களை 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் கட்டுப்படுத்துகின்றன. பிழை என்ற பெயரில் வேண்டுமென்றே குறைந்த விலையைக் காட்டிக் கூட்டம் சேர்த்துவிட்டுப் பின்னர் நீக்குவோரிடமிருந்து காப்பதற்கு இவை பயன்படும். பொட்டலத்தில் அச்சிடப்படும் அதிகபட்ச சில்லறை விலை மேல்வரம்பு மட்டுமே. அதற்குக் கீழ் எவ்வளவு குறைத்து விற்பதும் சட்டத்துக்கு உட்பட்டதே என்பதால், விலை குறைவாக உள்ளது என்பது மட்டும் பிழைக்குச் சான்று ஆகாது.

முறையிடும் இடமும் சிறு விற்பனையாளர் நிலையும்

2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி நுகர்வோர் தாம் வசிக்கும் இடத்திலுள்ள மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். விற்பனை நிறுவனம் பெங்களூரிலோ தில்லியிலோ இருந்தாலும், காரைக்குடியை அடுத்த கோவிலூரில் வசிப்பவர் சிவகங்கை மாவட்ட ஆணையத்தை அணுக முடியும். கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். விளம்பரப் பக்கத்தின் திரைப்படம், உறுதிமொழி மின்னஞ்சல், பணம் செலுத்திய பற்று, நீக்கம் பற்றிய செய்தி ஆகியவற்றைச் சேமித்து வைத்திருப்பது இன்றியமையாதது. தளத்தில் விலை மாற்றப்பட்டவுடன் பழைய பக்கம் மறைந்துவிடும்.

இவ்வழக்குகளைப் பற்றிப் பேசுவோர் விற்பவர் என்றதும் பெருநிறுவனத்தையே எண்ணுகின்றனர். இன்று அப்படியன்று. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையை நெய்வோரும் விற்போரும் இணையத்தில் நேரடியாக விற்கின்றனர். அவர்களுள் ஒருவர் 1,500 ரூபாய்ச் சேலைக்கு 150 என்று பதிந்துவிட்டு உறங்கச் சென்றால், காலையில் இருநூறு ஆணைகள் காத்திருக்கலாம். பெருநிறுவனம் அந்த இழப்பை விளம்பரச் செலவாகக் கணக்கெழுதிவிடும். தறி வைத்திருப்பவருக்கு அது சில மாதக் கூலி. இத்தகையோர் ஒரே ஆளுக்கு விற்கும் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதும், பொருள் அனுப்பப்படும்போதே ஏற்பு நிறைவுறும் என்பதைத் தளத்திலும் மின்னஞ்சலிலும் வெளிப்படையாகத் தமிழிலேயே எழுதுவதும், பிழையைக் கண்டவுடன் காலந்தாழ்த்தாது அறிவித்துப் பணத்தை முழுவதும் திருப்பித் தருவதும் நல்லது. தாமதமின்றி அறிவித்தது டிஜிலேண்ட்மால் நிறுவனத்துக்கும் துணை நின்றது. பணத்தை நாள்கணக்கில் வைத்துக்கொண்டு பின்னர் பிழை என்று கூறுபவரை ஆணையங்கள் எளிதில் நம்புவதில்லை.